கல்லூரி நூலகர் ஒருவர் நூலகர் சங்கத்தில் ஏன் சேர வேண்டும்?

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக அண்மையில் பணியேற்ற ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூத்த நூலகர்கள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. பயிலரங்குகள் இணையவழியில் இலவசமாகவே நடக்கின்றன. மென்பொருள் பற்றிய ஐயங்களுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் உடனுக்குடன் பதில் வருகிறது. ஆய்விதழ்களைப் பல்கலைக்கழக உள்நுழைவு வழியாகப் படித்துக்கொள்ளலாம். இவ்வளவும் இருக்கும்போது சங்கம் தனியாக எதைத் தரப்போகிறது என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானது. சேர வேண்டும் என்பதே என் பதில். ஆனால் நுழைவுக் கட்டணச் சலுகை, இதழின் இலவசப் படி, தன்விவரக் குறிப்பில் சேர்க்க ஒரு வரி என்று வழக்கமாக அடுக்கப்படும் பயன்களை நான் பெரிதாகக் கருதவில்லை. கல்லூரி நூலகரின் வேலையிலேயே அமைந்துள்ள ஒரு நிலைமைதான் என் காரணம்.

பெரும்பாலான கல்லூரிகளில் நூலகவியல் படித்தவர் ஒரே ஒருவர்தான் இருப்பார். இயற்பியல் துறையில் ஓர் ஆசிரியர் தவறான கருத்தைச் சொன்னால், அதே துறையில் இருக்கும் நான்கு பேரில் ஒருவராவது திருத்துவார். நன்றாகப் பாடம் நடத்தினால் அதை அறிந்து பாராட்டவும் அவர்களுக்குத் தகுதி உண்டு. நூலகருக்கு இந்த இரண்டும் இல்லை. முதல்வர், செயலாளர், கணக்குப் பிரிவு, பேராசிரியர்கள் ஆகிய அனைவரும் நூலகத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள். உரிய நேரத்தில் கதவு திறந்ததா, புத்தகங்கள் காணாமல் போகவில்லையா, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கேட்ட புள்ளிவிவரம் தயாராக இருந்ததா என்ற அளவிலேயே அவர்களின் மதிப்பீடு நிற்கும். நூலை வகைப்படுத்த நீங்கள் கொடுத்த பகுப்பெண் சரியா, நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் பொருள் தலைப்பு வாசகர் தேடும் சொல்லோடு பொருந்துகிறதா, பத்தாண்டுக்கு முன்பு வாங்கியவற்றில் எதைக் கழிக்கலாம் என்ற முடிவு தகுந்த அடிப்படையில் எடுக்கப்பட்டதா என்பதையெல்லாம் அந்த வளாகத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நல்ல வேலையும் கவனக்குறைவான வேலையும் அங்கே ஒரே முகத்தோடு காட்சியளிக்கின்றன. இப்படிப் பல ஆண்டுகள் தனியாக வேலை செய்யும் ஒருவர், தம் பழக்கத்தையே விதி என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உங்கள் வேலையை அறிந்து மதிப்பிடவும், தேவைப்படும்போது உங்களுக்காகப் பேசவும் தகுதியுள்ளவர்கள் கல்லூரிக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்கள் ஒழுங்காகக் கூடும் இடம் சங்கம்.

ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்துக்கொள்வோம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் சில புத்தகங்கள் குறைகின்றன. வரவுப் பதிவேட்டில் எண் இருக்கிறது, அடுக்கில் நூல் இல்லை. தணிக்கையாளர் குறிப்பு எழுதுகிறார். நிர்வாகம் தொகையை நூலகரின் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று யோசிக்கிறது. புதிதாகப் பணியேற்றவர்களை இதைவிட அச்சுறுத்தும் விஷயம் வேறில்லை. இந்த அச்சத்தால்தான் பல நூலகங்களில் நல்ல நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்படுகின்றன. மாணவர்கள் அடுக்குகளுக்கிடையே நடந்து நூலைத் தேடும் உரிமை மறுக்கப்படுகிறது. இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி இது பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் என்ற அளவிலான இழப்பை, அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராத வரை, ஏற்கத்தக்கதாகக் கொள்ளலாம் என்பது அந்த விதி. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் காணாமல் போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இருபதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் சரிபார்ப்பு, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும் என்ற ஒழுங்கும் அதிலேயே இருக்கிறது.

இந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் நிர்வாகக் குழுவின் முன் வைத்துப் பேச இதைவிட உறுதியான ஆதாரம் கிடைப்பது அரிது. விதியின் வாசகத்தை இணையத்தில் எவரும் படிக்கலாம் என்பது உண்மை. அப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேட முடியும்? தெரிந்த பிறகும், உங்கள் கல்லூரியைப் போன்ற இன்னொரு தனியார் கல்லூரியில் இதைக் காட்டி நூலகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றியது எப்படி, அந்தத் தீர்மானத்தின் வாசகம் என்ன, தணிக்கையாளர் அதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பவை எந்த இணையதளத்திலும் இருப்பதில்லை. மாவட்ட அளவிலான சங்கக் கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், அந்த வழியைக் கடந்துவந்த ஒருவர் தம் கோப்பின் நகலைத் தருவார். பயிலரங்குகளின் முறையான உரைகளைவிட இந்தக் கைமாற்றத்துக்கே நான் அதிக மதிப்பளிக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. மேலை நாட்டு வழக்கத்தைக் கருதி எழுதப்பட்ட நூலக மென்பொருள், ஆசிரியர் பெயரில் குடும்பப்பெயரை முதலில் கேட்கும். தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கிறது. நூலகவியலின் முன்னோடி சீ. இரா. ரங்கநாதனின் முன்னெழுத்துகளே சீர்காழியையும் தந்தை இராமாமிருதத்தையும் குறிப்பவைதாம். க. செல்வம் என்ற ஆசிரியரை ஒரு நூலகர் செல்வம் என்று தொடங்கிப் பதிகிறார்; இன்னொருவர் அட்டையில் உள்ளபடி முன்னெழுத்திலிருந்து தொடங்குகிறார்; மூன்றாமவர் தந்தையின் பெயரை விரித்து அதைக் குடும்பப்பெயராக்கிவிடுகிறார். தமிழ் எழுத்தில் ஒரு பதிவும் ரோமன் எழுத்தில் இன்னொரு பதிவும் சேர்ந்தால், ஒரே மனிதர் நூற்பட்டியலில் நாலைந்து பேராகிவிடுவார். தனி நூலகத்துக்குள் இருக்கும்வரை இது சிறிய குறையாகத் தெரியும். பல கல்லூரிகளின் பட்டியல்களை ஒன்றிணைக்கும்போது குழப்பம் பெருகி, வாசகர் தேடும் நூல் இருந்தும் கிடைக்காமல் போகிறது.

இதை எவ்வளவு திறமையான நூலகராலும் தனியாகத் தீர்க்க முடியாது என்பதே இங்கு முக்கியம். அவர் மிகச் சரியான முறை ஒன்றைக் கண்டுபிடித்துத் தம் நூலகத்தில் கடைப்பிடிக்கலாம். பக்கத்துக் கல்லூரி வேறு முறையைப் பின்பற்றும் வரை பயன் பாதிதான். தரம் என்பது பலர் கூடி ஒப்புக்கொண்டு ஒரே மாதிரி செய்வதால் உருவாகும் ஒன்று. அப்படி ஒப்புக்கொள்ளவும், ஒப்புக்கொண்டதை எழுதி வெளியிடவும், நடைமுறையில் இடர் வரும்போது மீண்டும் கூடித் திருத்தவும் ஓர் அமைப்பு தேவை. உலக அளவில் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, வெவ்வேறு நாட்டு மக்களின் பெயர்களைப் பட்டியலில் எப்படிப் பதிவது என்பதற்குத் தொகுப்பே வெளியிட்டிருக்கிறது. அத்தகைய தொகுப்புகளில் நம் பெயர் வழக்கம் சரியாக இடம்பெற வேண்டுமானால், அதைச் சொல்லும் குரல் இங்கிருந்துதான் போக வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நாம் இன்று நம் துறையின் இயல்பான உடைமைகள் என்று கருதுபவற்றில் எத்தனை, சங்க உறுப்பினர்கள் சந்தா கட்டி உருவாக்கியவை என்பது இளைய நூலகர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் இலண்டன் சென்று, பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பயின்று, அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்து, 1925-இல் திரும்பினார். பல்கலைக்கழக நூலகத்தைச் சீரமைப்பதோடு அவர் நின்றிருக்கலாம். பதவிக்கு அது போதுமானதாகவும் இருந்திருக்கும். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் இயங்குவிசையாக நின்றவர் அவர். சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் 1914-லேயே விஜயவாடாவை மையமாகக் கொண்டு ஆந்திர தேச நூலகச் சங்கம் வேலை செய்துகொண்டிருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

சென்னைச் சங்கம் 1929-இல் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. இரண்டாண்டுகளுக்குப் பிறகு, 1931-இல், அந்தப் பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தலாயிற்று. பல்கலைக்கழகம் தொடங்கிய பாடத்திட்டத்தைச் சங்கம் ஆதரித்தது என்று நாம் எண்ணிக்கொள்ளும் வரிசைக்கு நேர் எதிராக நடந்திருக்கிறது: தொழிலில் இருந்தவர்கள் முதலில் தங்களுக்குள் கற்பித்துக்கொண்டார்கள், பட்டம் தரும் நிறுவனம் பின்னால் வந்தது. நூலகவியலின் ஐந்து விதிகள் என்று உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் நூலை 1931-இல் வெளியிட்டது பெரிய பதிப்பகம் எதுவும் அல்ல, அந்தச் சங்கம்தான். 1933-இல் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை, 1934-இல் அதற்கிணையான நூற்பட்டியல் விதித்தொகுப்பு ஆகியவையும் அதே சங்கத்தின் வெளியீடுகள். வணிக நோக்கில் யாரும் அச்சிட முன்வந்திருக்க முடியாத தொழில்நுட்ப நூல்கள் இவை. ரங்கநாதனின் மேதைமை அவருடையது. அது நூலாகி அடுத்த தலைமுறைக்கு வந்து சேர ஒரு சங்கம் தேவைப்பட்டது.

சட்டத்தின் கதையும் இதே வழியில்தான் சென்றது. பொது நூலகங்களுக்கு மாதிரிச் சட்டம் ஒன்றை ரங்கநாதன் 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் முன்வைத்தார். சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது 1948-இல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, உலகப் போர் வந்துபோனது, நாடு விடுதலை பெற்றது. அத்தனை காலமும் ஒரு கோரிக்கையை அணையாமல் வைத்திருப்பது, மாற்றலுக்கும் ஓய்வுக்கும் உட்பட்ட தனிமனிதருக்கு இயலாத காரியம். இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகி, கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடப்பது அந்தச் சட்டத்தின் வழியாகவே. கிராமத்தில் நாளிதழ் படிக்கப் போகும் ஒருவர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டியதில்லை; நூலகர் அறிந்திருக்க வேண்டும்.

அதெல்லாம் அந்தக் காலம், இன்று அரசும் தேசிய நிறுவனங்களும் எல்லாவற்றையும் செய்துவிடுகின்றனவே என்று கேட்கலாம். ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்தைப் பாருங்கள். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் திறந்துவிடும் இத்திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் ஒன்றாகப் பேரம் பேசுவது நல்ல தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் தனியார் நடத்தும் கல்லூரிகள் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை; தமிழ்நாட்டு மாணவர்களில் பெரும் பகுதியினர் அவற்றில்தான் படிக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று யார் எழுதுவது? தமிழ் ஆய்விதழ்களும் இத்தகைய ஏற்பாடுகளுக்குள் வர வேண்டும் என்று யார் கேட்பது? ஒரு கல்லூரி நூலகர் தனியாக அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதலாம்; அது ஒரு ஊழியரின் விண்ணப்பமாகவே பார்க்கப்படும். பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் பல கல்லூரிகளிலிருந்து திரட்டி, தொழில்முறை அமைப்பொன்று கொடுக்கும் அறிக்கைக்கு வேறு எடை உண்டு. வாட்ஸ்அப் குழு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும் அதற்குப் பதிவு எண் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் இல்லை, நேற்று சொன்னதற்கு இன்று பொறுப்பேற்பவரும் இல்லை.

இன்னொரு காரணம் தொழில் நெறி சார்ந்தது. இதை இங்கே அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். ஒரு மாணவர் என்னென்ன புத்தகம் எடுத்தார் என்ற பட்டியலை ஒரு துறைத் தலைவர் கேட்கிறார்; குறிப்பிட்ட விற்பனையாளரிடமே வாங்கும்படி மேலிருந்து சொல்லப்படுகிறது; ஒரு நூலை அடுக்கிலிருந்து எடுத்துவிடும்படி யாரோ வற்புறுத்துகிறார். இத்தகைய நேரங்களில் எனக்கு இது சரியாகப் படவில்லை என்று மட்டும் சொல்லும் நூலகர், தம் தனிப்பட்ட விருப்பத்தை நிர்வாகத்தின் மீது திணிப்பவராகத் தோன்றுவார். என் தொழிலின் நெறி இதை அனுமதிக்கவில்லை என்று எழுத்தில் காட்ட முடிந்தால் பேச்சின் தளமே மாறிவிடும். அமெரிக்க நூலகச் சங்கம் 1876-இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது. 1939-இல் தொழில் நெறித் தொகுப்பையும் நூலக உரிமைப் பிரகடனத்தையும் ஏற்றுக்கொண்டது. 1980-களில் அந்நாட்டுப் புலனாய்வுத் துறை நூலகங்களுக்குச் சென்று வெளிநாட்டு வாசகர்களின் வாசிப்பைப் பற்றி விசாரித்தபோது, மேசையில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் மறுத்து நிற்கவும், பிறகு அது பொதுவெளியில் விவாதமாகவும் சங்கத்தின் நிலைப்பாடு துணை செய்தது. நம் சூழல் வேறு, சட்டங்கள் வேறு. எழுதிவைக்கப்பட்ட நெறி ஒன்று முதுகுக்குப் பின்னால் இருப்பதன் பலம் மட்டும் எங்கும் ஒன்றுதான்.

எந்தச் சங்கத்தில் சேர்வது என்பதைப் பொறுத்தவரை, உங்கள் வேலையே முடிவு செய்யட்டும். இந்திய நூலகச் சங்கம் 1933-இல் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பு. சிறப்பு நூலகங்களுக்கும் தகவல் மையங்களுக்குமான இந்தியச் சங்கம் 1955-இல் கல்கத்தாவில் தோன்றியது. ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு அது பொருத்தமானது. சென்னை நூலகச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1960-இல் தொடங்கி 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம் இருக்கிறது. அது நடத்தும் பட்டயப் படிப்பைத் தமிழ்வழியிலும் பயிலலாம் என்பது குறிப்பிடத்தக்க சிறப்பு. கல்லூரி நூலகர் ஒருவர் முதலில் மாநில அளவிலான அமைப்பில் சேர்வதே நல்லது என்பது என் கருத்து. மாநாட்டுக்குத் தொலைதூரம் செல்லும் சங்கத்தைவிட, பேருந்தில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் கூடும் சங்கமே முதல் சில ஆண்டுகளில் அதிகம் கற்றுத் தரும்.

சேர்வதற்கு முன் சிலவற்றை விசாரிக்கத் தயங்க வேண்டாம். ஆண்டுப் பொதுக்குழு ஒழுங்காகக் கூடுகிறதா, தணிக்கை செய்த கணக்கு உறுப்பினர்முன் வைக்கப்படுகிறதா, தேர்தல் நடக்கிறதா, பொறுப்பாளர்கள் மாறுகிறார்களா என்று கேளுங்கள். சான்றிதழ் வழங்குவதற்கென்றே கருத்தரங்கு நடத்தி, பதிவுக் கட்டணத்தில் உயிர்வாழும் அமைப்புகளும் இருக்கின்றன. ஒரே வாரத்தில் கட்டுரையை ஏற்று வெளியிடுவதாக அவை வாக்களித்தால் விலகிவிடுங்கள். சங்கம் நடத்தும் எல்லாப் பயிலரங்கும் பணி உயர்வுக்குக் கணக்கில் வரும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் எந்த வகைப் பயிற்சியை ஏற்கின்றன என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊதியம், பணி நிரந்தரம், வழக்கு போன்றவற்றுக்குத் தொழிற்சங்கம் வேறு, தொழில்முறைச் சங்கம் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் இருப்பதில் தவறில்லை, ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதில்தான் ஏமாற்றம் வருகிறது. வாழ்நாள் உறுப்பினராக உடனே சேர்வதைவிட, ஆண்டுச் சந்தா வசதி இருந்தால் ஓராண்டு கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சந்தா கட்டிவிட்டு ஒதுங்கி இருப்பவருக்கு நான் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. முதல் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் நூலகத்தில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் சங்கத்தின் கிளை பெயரளவில்தான் இருக்கிறது என்றால், அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் நூலகர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவர் நூலகத்திலும் மாறி மாறிக் கூடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள் போதும்: ஒரு முறை தமிழ்ப் பெயர்ப் பதிவு, அடுத்த முறை கழிவு செய்யும் நடைமுறை, அதற்கடுத்து கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் காப்பு நகல் எடுக்கும் முறை. பேசி முடிவானதை அன்றே ஒரு பக்கத்தில் எழுதி, வந்தவர்கள் கையொப்பமிட்டு, மாநிலச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு படியை அனுப்பிவிடுங்கள்.